வில்லையா, பவுடரா, கேனா? டெல்டா வீட்டு நீச்சல் குளத்துக்கு எந்தக் குளோரின்

நீச்சல் குளம் பச்சையாகிவிட்டது என்று கடையில் சொன்னால் கைக்கு வருவது மூன்றில் ஒன்று: ட்ரைகுளோர் வில்லை, ஹைப்போ பவுடர் (கால்சியம் ஹைப்போகுளோரைட்), கேனில் திரவமாக சோடியம் ஹைப்போகுளோரைட். பாசியைக் கொல்வது மூன்றிலும் குளோரின்தான். அதோடு சேர்ந்து வந்து தண்ணீரிலேயே தங்கிவிடும் சரக்கு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வந்ததை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். 50,000 லிட்டர் குளத்தில் குளோரினை 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏற்ற 50 கிராம் சுத்த குளோரின் வேண்டும். 90 சத வில்லையில் அது 56 கிராம். 65 சத பவுடரில் 77 கிராம். 10 சத திரவத்தில் அரை லிட்டர். கீழே வரும் அளவுகளும் இதே 50,000 லிட்டர் குளத்துக்குத்தான்.

வில்லையில் வேலை குறைவு. மிதவையில் போட்டுவிட்டால் பல நாள் மெல்லக் கரையும். தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கும் என்பதால், காரத்தன்மை கூடிய போர் தண்ணீருக்கு அதுவும் உதவிதான். சிக்கல், கூடவே வரும் சயனூரிக் ஆசிட். வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் காப்பது இதுதான். 30 பிபிஎம் வரை நல்லது. அதற்கு மேல் போகப் போகக் குளோரினின் கையையே கட்டிவிடும். 200 கிராம் வில்லை ஒன்று 50,000 லிட்டரில் சயனூரிக்கைச் சுமார் 2.2 பிபிஎம் ஏற்றுகிறது. தினம் 3 பிபிஎம் குளோரின் செலவாகும் குளத்தில் வில்லையே கதி என்றிருந்தால் ஒரே மாதத்தில் சயனூரிக் 50ஐத் தாண்டும். பிறகு டெஸ்ட் கிட் குளோரின் இருக்கிறது என்று காட்டும், சுவரில் பாசியும் படரும்.

சயனூரிக் ஆசிட் தானாக ஆவியாகாது. தண்ணீரை மாற்றித்தான் குறைக்க வேண்டும். டெல்டாவில் இடிக்கும் இடம் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் நிறைந்து நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது குளத்தை ஒட்ட இறைத்தால், அடியிலிருந்து வரும் அழுத்தம் தரையை வெடிக்க வைக்கும். குளத்தையே மேலே தூக்கவும் கூடும். கோடையில், நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறைக்காமல் மாற்றுவதே பாதுகாப்பு. குளோரின் பூஜ்யத்துக்கு வரும்வரை அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடக் கூடாது.

பவுடரில் இந்தத் தொல்லை இல்லை, பதிலுக்குச் சுண்ணாம்பு. 10 பிபிஎம் குளோரினுக்குச் சுமார் 7 பிபிஎம் கால்சியம் கடினத்தன்மை ஏறும். போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருந்தால் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைப் பட்டை கட்டும். தொட்டிக்குப் போடும் சாதா ப்ளீச்சிங் பவுடர் இன்னும் மோசம்: வீரியம் 30 சதத்தை ஒட்டி, மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. வேறு வழியில்லை என்றால் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றலாம்.

கேன் திரவம் கொஞ்சம் உப்பைத் தவிர எதையும் விட்டுப் போகாது. அதன் பலவீனம் சூடு. சித்திரை வெயிலில் கொட்டகையில் கிடந்தால் சில வாரத்தில் வீரியம் இறங்கிவிடும். புதுக் கேனைச் சோதிப்பது சுலபம்: பொழுது சாய்ந்ததும் மோட்டார் ஓட, அரை லிட்டர் ஊற்றி அரை மணி கழித்து அளந்தால், தெளிந்த குளத்தில் 1 பிபிஎம் ஏறியிருக்க வேண்டும்.

எங்கள் தேர்வு வில்லையும் திரவமும் கலந்தது. புதுத் தண்ணீருக்கு 200 கிராம் வில்லை பதினான்கு கரையும்வரை வில்லை. சயனூரிக் 30ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டு, தினமும் மாலையில் திரவம். ஒன்றரை லிட்டரில் தொடங்கி, அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

பாசி வந்துவிட்டால் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்பவர்கள் உண்டு. பாசி சாகும், ஆனால் தாமிரம் தண்ணீரிலேயே நிற்கும், சுவரில் கறை பிடிக்கும், வெளுத்த முடியைப் பச்சையாக்கும். அந்தத் தண்ணீர் மீன் குட்டைக்குப் போனால் மீனுக்குக் கேடு. குளோரினே போதும். முதலில் பிஎச்சை 7.2க்கு இறக்குங்கள்: ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அரை லிட்டர் ஊற்றி, மோட்டார் ஓடவிட்டு, ஒரு மணி கழித்து அளந்து, தேவையானால் மறுபடி. குளோரின் 10ஐத் தாண்டியபின் பிஎச் அளவு பொய் சொல்லும் என்பதால் இதை முன்னாடியே முடிக்க வேண்டும். ஏணிப் பின்புறம், விளக்குக் குழி, படிக்கட்டு மூலை எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேயுங்கள். இருட்டியதும் குளோரினை 12 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். பூஜ்யத்திலிருந்து 6 லிட்டர் திரவம் பிடிக்கும். சில மணிக்கொரு முறை அளந்து, குறைந்ததை ஊற்றி அதே அளவில் வைத்திருங்கள். மோட்டார் நிற்கக் கூடாது. ஃபில்டரில் பிரஷர் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவுவது. பச்சை சாம்பலாகி, பிறகு தெளியும். தெளிந்ததும் விட்டுவிடுவதால்தான் பாசி திரும்புகிறது. இரவு அளந்ததற்கும் விடிவதற்குள் அளந்ததற்கும் வித்தியாசம் 1 பிபிஎம்முக்குள் வரும்வரை தொடர வேண்டும். படிகாரம் கடைசி நிலைக் கலங்கலுக்கு மட்டும். படிந்ததை ஃபில்டர் வழியே விடாமல் நேராக வெளியே உறிஞ்ச வேண்டும்.

வில்லை இருந்த மிதவையில் பவுடரைப் போட்டால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும். ஆசிட்டும் ஹைப்போவும் (பவுடரோ திரவமோ) ஒரே வாளியில் சேர்ந்தால் விஷ வாயு. இரண்டுக்கும் தனித்தனிக் குவளை, தனித்தனி அலமாரி.