ஏசி அறையில் ஓட்டிக் காட்டும் கிராபிக்ஸ் கார்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பாவித்த உயர்ரக கிராபிக்ஸ் கார்ட் (கணினியில் படங்களை உருவாக்கும் பலகை) வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். மட்டக்களப்பு நகரில் ஒரு கடை எனக்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090 ஒன்றை விற்றது. கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் கொஞ்சக் காலம் பாவித்தது, புதியது மாதிரி என்றார்கள். கணினிக்கு மின்சாரம் ஊட்டும், 750 வாட் என்று ஒட்டியிருந்த பவர் சப்ளை ஒன்றையும் அவர்களே பொருத்தித் தந்தார்கள். கார்டும் சொன்னபடி இல்லை, பவர் சப்ளையும் சொன்னபடி இல்லை.

வீட்டு வரைபடங்களை முப்பரிமாணப் படமாக்கிக் கொடுப்பது என் தொழில். கத்தாரிலும் லண்டனிலும் உழைக்கும் பிள்ளைகள் ஊரில் கட்டப்போகும் வீட்டை முதலில் படத்தில் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். அந்தப் படம் ஆயத்தமாக கார்ட் மணிக்கணக்காக முழு வலுவில் ஓட வேண்டும். 3090-இல் 24 ஜிபி நினைவகம் இருப்பதால்தான் அதைத் தேடிப் போனேன். இதையெல்லாம் கடையில் தெளிவாகவே சொன்னேன். "தம்பி, எந்த வேலையையும் தாங்கும்" என்று முதலாளி ஒரு விளையாட்டை ஓடவிட்டுத் திரையின் மூலையைக் காட்டினார். கார்டின் வெப்பம் 62 பாகை. சில நிமிடங்களில் அணைத்துவிட்டு பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

ஏமாற்று அங்கேதான் நடந்தது. அவர் காட்டியது மையச் சில்லின் வெப்பம் மட்டும். 3090-இன் நினைவகச் சில்லுகளில் பாதி கார்டின் பின்பக்கம் இருக்கின்றன. மின்விசிறிக் காற்று அங்கே நேராகப் படாது. பின்பக்கத் தகடு ஒன்றுதான் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. தகடு மெதுவாகத்தான் சூடேறும். சில நிமிட விளையாட்டில் ஒன்றும் தெரியாது. அதோடு கடையில் ஏசி 24 பாகையில் ஓடிக்கொண்டிருந்தது. காற்றால் குளிரும் எந்தக் கார்டும் அறையின் வெப்பத்துக்கு மேல்தான் தன் வெப்பத்தைக் கட்டும். நான் இருக்கும் கல்லடியில் சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் என் அறை 34 பாகை. கடையில் 100 காட்டும் சில்லு என் வீட்டில் 110 காட்டும். 110 பாகை என்பது அந்த நினைவகம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் எல்லை.

முதல் பெரிய வேலையிலேயே அதுதான் நடந்தது. நினைவக வெப்பம் 110-இல் போய் நின்றது, வேகம் சரிந்தது. பிறகு ரெண்டர் (கணினி படத்தை ஆக்கும் வேலை) நடுவில் கணினி பட்டென்று அணையத் தொடங்கியது. கடைக்குத் தொலைபேசி எடுத்தால், "உங்கள் பக்கத்துக் கரண்ட் சரியில்லை" என்றார்கள். மின்வேலை செய்பவரை அழைத்து, ரெண்டர் ஓடும்போதே அளந்து பார்த்தேன். 230 வோல்ட்டைச் சுற்றி அசையாமல் நின்றது. அதையும் சொன்னேன். "அப்படியென்றால் கடல் காற்று" என்றார்கள்.

ஒரு மாலை கருகிய பிளாஸ்டிக் மணம் அறை முழுக்கப் பரவியது. பெட்டியைத் திறந்தேன். கார்டில் செருகியிருந்த எட்டு முள் பிளக்கின் ஒரு மூலை தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறி, உருகிச் சாய்ந்திருந்தது. இழுத்தால் வரவில்லை. ஆட்டி ஆட்டிக் கழற்றியபோது ஒரு முள்ளின் உறை துண்டாகிக் கையோடு வந்தது. பார்த்தால், பவர் சப்ளையிலிருந்து ஒரே ஒரு வயர்க்கோவையை எடுத்து, அதன் இரண்டு தலைகளையும் கார்டின் இரண்டு வாய்களிலும் செருகியிருக்கிறார்கள். 350 வாட் இழுக்கும் கார்ட் இது. ஒரு எட்டு முள் இணைப்புக்கு நியமம் 150 வாட், கார்டைச் செருகும் தாய்ப்பலகைத் துளை தருவது 75 வாட். மீதிச் சுமை முழுவதையும் ஒரே கோவையின் மெல்லிய கம்பிகள் சுமந்திருக்கின்றன. இது தெரியாமல் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. கணினி பொருத்துவதே அவர்கள் தொழில்.

கல்முனையில் திருத்துநர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கார்டைக் கழற்றியதும் பின்தகட்டின் விளிம்பில் எண்ணெய் கசிந்து வழிந்திருப்பதைக் காட்டினார். நினைவகத்தின் மேல் ஒட்டும் வெப்பத் திண்டுகள் நீண்டகாலச் சூட்டில் அப்படி எண்ணெய் விடும். இரவு பகலாகக் கணக்குப் போட்டு மின்நாணயம் தோண்டிய (கிரிப்டோ மைனிங்) கார்ட் என்று அவர் சொன்னார். எத்தேரியம் நாணயத்தை இப்படித் தோண்டும் முறை 2022 செப்டம்பர் 15-இல் முடிந்தது. அதன்பின் வேலையிழந்த கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. அந்த வேலை நினைவகத்தைத்தான் பிழிந்தெடுக்கும். தோண்டிய கார்ட் என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்பதில் குற்றமில்லை. ஸ்டூடியோக் கதை சொல்லி விற்பது களவு.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் வேலைக் கோப்பையே பென் டிரைவில் கொண்டுபோங்கள். அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டச் சொல்லுங்கள், ஏசியை அணைக்கச் சொல்லுங்கள். ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருள் நினைவக வெப்பத்தைத் தனியாகக் காட்டும். அந்த எண்ணைப் பார்க்காமல் எழும்பாதீர்கள். பவர் சப்ளையிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனி வயர்க்கோவை வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். 3090 மில்லிசெக்கன்ட் அளவில் 350 வாட்டை வெகுவாகத் தாண்டி இழுக்கும். பெயருக்கு 750 என்று ஒட்டிய மலிவு பவர் சப்ளை அங்கேதான் தாங்காமல் அணைந்துவிடும். 3090-க்குப் பிறகு வந்த 4090 வாங்குபவர்களுக்கு இன்னும் கவனம் தேவை: அது 450 வாட், அதன் ஒற்றைப் பிளக் முழுதாக உள்ளே போகாவிட்டால் உருகும் என்பது 2022-இலேயே வெளிவந்த செய்தி. அதற்கும் அடுத்த 5090 இழுப்பதோ 575 வாட்.

மின்பட்டியலையும் கணக்கில் எடுங்கள், இதை எந்தக் கடையும் சொல்லாது. கணினி முழுவதுமாக 500 வாட் இழுத்து நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 90 அலகு. வீட்டுப் பாவனை 180 அலகைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு அலகும் உச்ச விலை. அத்தனை மின்சாரமும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்து சேரும்.

பவர் சப்ளைக்குரிய பணத்தைப் பல தடவை அலைந்த பிறகு திருப்பித் தந்தார்கள். கார்டைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். திண்டுகளை மாற்றி, வேறு பவர் சப்ளை போட்டு, கார்ட் இழுக்கும் மின் எல்லையை 280 வாட்டுக்குக் குறைத்து இப்போது ஓட்டுகிறேன். வேகம் சிறிதளவே குறைந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அதனால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. அதில் மாதிரியின் பெயரையும் தொடர் இலக்கத்தையும் "பாவித்தது" என்ற சொல்லையும் எழுதி வாங்குங்கள். இதேபோல் ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டை வைத்திருந்தால் அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நீங்களும் முறைப்பாடு பதியுங்கள்.