உயர்வளைவுப் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த இன்சோல்: எட்டு மாத அனுபவம்

குளித்துவிட்டு வந்தால் சிமெண்டுத் தரையில் பதியும் என் ஈரக்கால் தடத்தில் குதிகாலும் முன்பாதமும் மட்டுமே தெரியும். இரண்டையும் இணைக்கும் பட்டை இருக்காது. உயர்வளைவுப் பாதம் என்பது இதுதான். நடுப்பாதம் தரையைத் தொடாததால் உடலின் எடை குதிகாலிலும் விரல்களின் அடிமேட்டிலும் குவிகிறது. ஊன்றும்போது சற்று உட்புறம் சாய்ந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும் வேலையையும் இத்தகைய விறைப்பான பாதம் சரிவரச் செய்வதில்லை. சுண்டுவிரலுக்குக் கீழே காய்ப்பு, அடிக்கடி பிசகும் கணுக்கால், ஷூவின் வெளிவிளிம்பு மட்டும் தேய்வது ஆகிய மூன்றும் எனக்கு இருந்தன.

முதலில் போன கடையில் நுரைப்பெட்டியில் பாதத்தை அமிழ்த்தி அச்செடுத்து, 4,800 ரூபாய்க்கு ஒரு ஜோடி இன்சோல், அதாவது ஷூவுக்குள் வைக்கும் உள்ளடி, செய்து கொடுத்தார்கள். தட்டைப் பாதத்துக்குச் செய்வதைப் போலவே உட்புற வளைவைக் கெட்டியாக உயர்த்தியிருந்தார்கள். ஏற்கெனவே வெளிப்புறம் சாயும் காலை உள்ளிருந்து மேலும் தள்ளினால் என்ன ஆகும்? பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்குள் இரண்டு முறை கணுக்கால் மடங்கியது.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில், அளவெடுக்கும் முன்பே, 1977-இல் எலும்பு மருத்துவர் கோல்மன் விவரித்த கட்டைச் சோதனையைச் செய்தார்கள். குதிகாலையும் பாதத்தின் வெளிவிளிம்பையும் ஒரு மரக்கட்டையில் ஊன்றி, பெருவிரலின் அடிமேடு மட்டும் கட்டைக்கு வெளியே கீழே இறங்கும்படி நிற்கச் சொன்னார்கள், குதிகால் நேரானது. சாய்வுக்கு மூலம் முன்பாதம்தான், குதிகால் இன்னும் இறுகவில்லை என்பது அதன் பொருள். அதற்கேற்ப வெளிவிளிம்பைச் சில மில்லிமீட்டர் உயர்த்தி, பெருவிரல் அடிமேட்டுக்குக் கீழே பள்ளம் விட்டு, வளைவை முட்டித் தூக்காமல் முழுவதும் தொட்டுத் தாங்கும்படி செய்திருந்தார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் அணிந்து, பிறகு படிப்படியாகக் கூட்டச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் காய்ப்பு மெலிந்தது. கணுக்கால் இதுவரை பிசகவில்லை.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமல்ல. பாதவலி கொண்ட உயர்வளைவுக்காரர்கள் 154 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாத முடிவில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த போலி இன்சோலை அணிந்தவர்களைவிட அளவெடுத்துச் செய்ததை அணிந்தவர்களுக்கே வலியும் அழுத்தமும் கூடுதலாகக் குறைந்தன. போலி அணிந்தவர்களுக்கும் வலி ஓரளவு குறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஷூவைக் கழற்றினால் பயனும் கழன்றுவிடும் என்பதுதான் இதன் பெரிய குறை. வெறுங்காலோடு பாதி நாள் கழியும் நம் வீடுகளில் இது சிறிய குறையல்ல. நான் வீட்டுக்குள் எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு போட்டுக்கொள்கிறேன். ஷூவோடு வரும் பழைய இன்சோலை எடுத்துவிட்டாலும் ஆழமான ஷூவில்தான் இது அடங்கும். ஒரு காலில் மட்டும் உயர்வளைவு இருந்தாலோ, அண்மையில் கூடிவந்தாலோ, இன்சோல் கடைக்கு முன் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதே முறை. வளைவு கூடிவருவது சார்கோ-மாரி-டூத் போன்ற பரம்பரை நரம்பு நோய்களின் அறிகுறியாகவும், ஒரு காலில் மட்டும் இருப்பது தண்டுவடக் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

வியர்வையில் மேலுறை குதிகால் பக்கம் உரியத் தொடங்கியிருக்கிறது. அதை மட்டும் மாற்றித் தர 500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.