கிரேக்கப் புராணம் நடத்த நாடகமா, பானை ஓவியமா, வழக்கா?

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரலாற்றில் பழங்கிரேக்கம் இருக்கிறது. கிரேக்கர்களின் வாழ்க்கை, சாதனை, மேற்குலகில் அவற்றின் தாக்கம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பாடத்திட்டம் நகர்ந்துவிடும். புராணக் கதைகளை எப்படி நடத்துவது என்பது ஆசிரியர் பாடு. 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு வருடமாக இதை நடத்துகிறேன். முதல் இரண்டு வருடம் நாடகம், மூன்றாம் வருடம் பானை ஓவியம், போன வருடம் வழக்கு விசாரணை. இனி எனக்கு வழக்குதான். ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

குடும்ப மர சார்ட்டையும் திரையில் ஓடும் வினாடி வினாவையும் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. வினாடி வினா பத்து நிமிடம் கலகலப்பாகப் போகும், பெயர்கள் மனப்பாடமாகும், அவ்வளவுதான். குடும்ப மரத்தில் சிக்கல் வேறு. குரோனஸ் தான் பெற்ற பிள்ளைகளையே விழுங்கியது, கடைசிப் பிள்ளை ஜீயஸுக்குப் பதிலாகத் துணி சுற்றிய கல்லை விழுங்கியது என்று கதையாகச் சொல்லும்போது வாய் பிளந்து கேட்கும் பிள்ளைகள், அதையே கோடு போட்டுக் கட்டத்தில் எழுதச் சொன்னால் எழுதுகோலைச் சீவ எழுந்து போய்விடுகிறார்கள். அதிலும் உறவுமுறை ஒரு பெரும் முடிச்சு. பெர்சிஃபோனியின் அப்பா தேவர்களின் அரசன் ஜீயஸ், அம்மா விளைச்சலின் தெய்வம் டெமீட்டர், இருவரும் உடன்பிறந்தவர்கள். அவளைத் தூக்கிப் போன பாதாள அரசன் ஹேடிஸ் இருவருக்கும் சகோதரன். தமிழில் சொல்லிப் பார்த்தால் அப்பா வழியில் பெரியப்பா, அம்மா வழியில் தாய்மாமன். ஆங்கிலத்தில் ஒரே 'அங்கிள்' என்பதால் என் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம்கூட முழுசாகத் தெரியவில்லை.

சரி, நாடகம். புதிர்ப்பாதைக்குள் இருக்கும் காளைத் தலை அரக்கன் மினோட்டாரைத் தீஸியஸ் கொல்வதுதான் எல்லாரும் எடுக்கும் கதை, நானும் அதைத்தான் எடுத்தேன். ஏதென்ஸிலிருந்து கிரீட் தீவுக்கு அனுப்பப்படும் ஏழு இளைஞர்கள், ஏழு பெண்கள் என்று பதினான்கு பேருக்கு உடனே வேஷம் கிடைக்கிறது. புதிர்ப்பாதைக்கு வகுப்பு மேசைகளே போதும், வழி தவறாமல் திரும்ப ஆரியாட்னி கொடுத்த நூலுக்கு ஒரு கம்பளி உருண்டை. பார்க்க அழகாக இருக்கும், பெற்றோரும் வந்து படம் எடுப்பார்கள். ஆனால் இரண்டு வருடமும் நான் கவனித்தது ஒன்றே: அவரவர் வசனம் மட்டும் அவரவருக்குத் தெரியும். மூன்று வாரம் கழித்து, திரும்பும் கப்பலில் தீஸியஸ் கறுப்புப் பாயை மாற்ற மறந்ததால் என்ன ஆயிற்று என்று கேட்டேன். தீஸியஸின் அப்பா ஈஜியஸாக நடித்த பையன் மட்டும் கை தூக்கினான், மகன் இறந்துவிட்டான் என்று நினைத்துக் கடலில் விழுந்தது அவன்தானே. பதினான்கு பேரில் பாதிப் பேருக்குக் கப்பலில் உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருந்தது. காளைத் தலை முகமூடிக்கு மட்டும் இரண்டு பாடவேளை போயிருந்தது.

7, 8 வயதுப் பிள்ளைகளாக இருந்தால் இன்றைக்கும் நாடகத்தைத்தான் சொல்வேன். அந்த வயதில் கதை உடம்பு வழியாகத்தான் உள்ளே போகிறது.

பானை ஓவியம் எனக்குப் பிடித்த வழி. இன்றும் அதை முழுசாக விட மனமில்லை. ஆரஞ்சு நிற அட்டையில் கறுப்பு மெழுகுக் கலரை அழுத்தித் தேய்த்து, குச்சியால் கீறினால் அடியிலிருக்கும் நிறம் கோடாக வெளியே வரும். கி.மு. 6ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் குயவர்களின் கருவுருவப் பானைகளும் கிட்டத்தட்ட அப்படித்தான்: உருவம் கறுப்பு, உள்விவரம் கீறல். பிரிட்டிஷ் மியூசியத்தில் எக்ஸீகியஸ் வரைந்த ஒரு ஜாடி இருக்கிறது. கிரேக்க வீரன் அக்கிலீஸ், அமேசான்கள் என்ற போர்ப் பெண்களின் அரசி பென்தெசிலியாவின் கழுத்தில் ஈட்டியை இறக்கும் கணம். அதைத் திரையில் காட்டி, "இவர் ஏன் இந்த ஒரு நொடியை எடுத்தார்?" என்று கேட்டதும் வகுப்பு அடங்கிப் போனது. ஒரு கதை முழுவதையும் ஒரு வளைவுக்குள் அடக்க எந்த நொடியை எடுப்பது என்று பிள்ளை யோசிக்க வேண்டும். அந்த யோசனை அருமையானது. ஆனால் அது முதல் பத்து நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது. மீதி ஒரு மணி நேரமும் கலர் தேய்ப்பதுதான். கை நன்றாக வரும் பிள்ளைக்குக் கொண்டாட்டம், வராத பிள்ளை அழிக்கவும் முடியாத அட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

இங்கேதான் எனக்கு அளவுகோல் கிடைத்தது. செலவு, நேரம், சத்தம் எல்லாம் எப்படியும் சமாளிக்கலாம். நான் பார்ப்பது, அந்தச் செயல்பாடு பிள்ளையை எத்தனை முறை கதைக்குத் திரும்பிப் போக வைக்கிறது என்பதைத்தான். நாடகத்தில் பிள்ளை தன் வசனத்துக்குத் திரும்புகிறது, கதைக்கு அல்ல. பானையில் ஒரு முறை திரும்புகிறது. வழக்கில் திரும்பிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் தப்பாகச் சொன்னால் எதிர்ப்பக்கம் பிடித்துவிடும்.

யோசனை எனக்கு ஊரிலிருந்து வந்தது. காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவள் நான். கம்பன் விழாவில் வழக்காடு மன்றம் கேட்க அப்பா கூட்டிப் போவார். வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று மேடையில் வாதாடுவார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் அடுத்த பாட்டை முன்கூட்டியே முணுமுணுப்பார்கள். பாட்டு தெரியாமல் அந்த மேடையில் யாரும் வாயைத் திறக்க முடியாது. கிரேக்கர்களுக்கும் இது அந்நியமில்லை. கி.மு. 458இல் ஏதென்ஸில் மேடையேறிய எஸ்கிலஸின் நாடகம் ஒன்றில், தாயைக் கொன்ற ஓரெஸ்டிஸை அரியோபாகஸ் குன்றில் நிறுத்தி விசாரிக்கிறார்கள். வாக்கு சரிபாதியாக விழ, அவன் விடுதலையாகிறான். ஆக, புராணத்தை வழக்காக நடத்துவது அவர்கள் மரபிலேயே இருக்கிறது.

நான் எடுத்தது டெமீட்டர் எதிர் ஹேடிஸ் வழக்கு. இரண்டு தாள்கள் எழுதினேன். 'அ' தாள் ஹோமர் பெயரில் வழங்கும் பழங்கிரேக்க டெமீட்டர் துதிப்பாடலின் சுருக்கம். பெர்சிஃபோனி பூப்பறிக்கிறாள், நிலம் பிளக்கிறது, ஜீயஸின் சம்மதத்தோடு ஹேடிஸ் தேரில் தூக்கிப் போகிறான். குகையிலிருந்த ஹெக்கடி என்ற தெய்வம் அலறலைக் கேட்கிறாள், சூரியன் ஹீலியோஸ் பார்க்கிறான். டெமீட்டர் ஒன்பது நாள் தீப்பந்தங்களோடு தேடுகிறாள். பிறகு பூமியில் எதுவும் விளையாமல் போகிறது. மகள் திரும்பும் வேளையில் ஹேடிஸ் ரகசியமாக ஒரு மாதுளை முத்தைக் கொடுத்துவிடுகிறான். பாதாளத்து உணவைத் தின்றுவிட்டதால் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு அவள் கீழே இருக்க வேண்டும். 'ஆ' தாள் ரோமானியக் கவி ஓவிட் 'மெட்டமார்ஃபோசஸ்' நூலில் சொன்னது. அதில் அவள் பாதாளத் தோட்டத்தில் தானே பழம் பறித்து ஏழு முத்து தின்கிறாள். அதை அஸ்கலாஃபஸ் என்பவன் பார்த்துச் சொல்லிவிட, பாதாள நதி நீரைத் தெளித்து அவனை ஆந்தையாக்குகிறாள். வருடம் ஆறு மாதம், ஆறு மாதமாகப் பிரிகிறது.

இருபத்தெட்டுப் பேர். நான்கு பேர் வாதி வக்கீல்கள், நான்கு பேர் பிரதிவாதி வக்கீல்கள், ஏழு பேர் வழக்கில் வரும் ஆட்கள், ஒரு எழுத்தர், ஒரு கடிகாரக்காரி, பதினொரு நடுவர்கள். கடிகாரம் என்றால் நீர்க்கடிகாரம். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேச்சுக்கு நேரம் வைக்க மண்பானையிலிருந்து தண்ணீர் ஒழுகவிடுவார்கள். அகோரா என்ற பழைய சந்தைத் திடலில் கிடைத்த ஒன்று சுமார் 6 நிமிடம் ஓடக்கூடியது. எங்களுடையது இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், அடிப்பக்கத்தில் 4 மில்லிமீட்டர் ஓட்டை, கீழே வாளி. மூன்று நிமிடம் வந்தது. வாக்குக்கு அட்டை வட்டுகள். நடுவில் ஸ்ட்ரா துண்டு செருகினால் வாதி பக்கம், பென்சில் துண்டு செருகினால் பிரதிவாதி பக்கம். ஏதென்ஸில் வெண்கல வட்டுகளின் நடு அச்சு இதே மாதிரி ஓட்டையாகவோ கெட்டியாகவோ இருக்கும். இரு முனையையும் விரலால் மூடிப் பிடித்தால் யாருக்கு வாக்கு என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பிள்ளைகள் இதைச் சொன்ன உடனே பிடித்துக்கொண்டார்கள்.

தயாரிக்க இரண்டு பாடவேளை கொடுத்தேன். யாருக்கு எந்தத் தாள் என்று வேண்டுமென்றே கலந்து கொடுத்திருந்தேன். விசாரணை அன்று பிரதிவாதி வக்கீல் ஒரு பையன் எழுந்து, "அவளே பழத்தைப் பறித்துத் தின்றாள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்றான். எதிர்வரிசையில் ஒரு பெண் துள்ளி எழுந்தாள். கையிலிருந்த தாளில் விரலை வைத்து, "ரகசியமாகக் கொடுத்தான் என்று இங்கே இருக்கிறது, நீ பொய் சொல்கிறாய்!" அவன் தன் தாளைத் தூக்கிக் காட்டினான். இருவரும் இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தார்கள். வாளிக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "மிஸ், எது நிஜம்?" என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும். புராணம் என்பது ஒரே ஒருவர் எழுதி மூடிவைத்த புத்தகம் அல்ல, ஊருக்கு ஊர் கவிக்குக் கவி மாறும் என்பதை அதற்கு முன் மூன்று வருடமும் நான் வாயால் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார்கள். அன்றுதான் அது அவர்களுக்கு ஒரு பிரச்சினையாக ஆனது. இரண்டு சாட்சியங்களும் செல்லும், எதை நம்புவது என்பதை நடுவர்கள் முடிவு செய்யட்டும் என்று எழுத்தரிடம் பதிவு செய்யச் சொன்னேன்.

அப்புறம் ஹீலியோஸின் குறுக்கு விசாரணை. ஹேடிஸ் ஒன்றும் தகுதியில்லாத மருமகன் இல்லை என்று துதிப்பாடலில் சூரியன் டெமீட்டரைத் தேற்றுவான். சாட்சிக் கூண்டிலிருந்த பிள்ளை அதைச் சரியாகச் சொன்னாள். உடனே வாதி வக்கீல்: "நீங்கள்தான் எல்லாவற்றையும் பார்த்தீர்களே. அந்த அம்மா ஒன்பது நாள் தேடினாரே, ஏன் பேசாமல் இருந்தீர்கள்?" ஹீலியோஸ் தாளை முன்னும் பின்னும் புரட்டினாள். அதில் பதில் இல்லை. கொஞ்சம் யோசித்து, "என்னை யாரும் கேட்கவில்லை" என்றாள். நடுவர்கள் பதினொரு பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

குறைகளும் உண்டு. பேச்சு வரும் பிள்ளைகள் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வக்கீல் ஒரு முறைதான் எழலாம் என்று விதி வைத்த பிறகே சரியானது. ஆங்கிலம் இப்போதுதான் பழகும் ஒரு பிள்ளையை நடுவராக்கினேன். வாக்கோடு ஒரு காரணமும் எழுத வேண்டும் என்றிருந்ததால் அவனும் தாளை இரண்டு மூன்று முறை படித்தான், பேச வேண்டிய பயம் இல்லை. ஹேடிஸாக உட்கார்ந்த பையனை மதிய இடைவேளையில் இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள். இனிமேல் அந்த வேஷத்தை நானே போட்டுக்கொள்வதாக இருக்கிறேன். பெண்ணைத் தூக்கிப் போவதுதான் கதையின் நடு முள் என்பதால், அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும். அம்மா அப்பா பிரிந்து, வாரத்தில் பாதி அங்கே பாதி இங்கே இருக்கும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், வருடத்தைப் பங்கு பிரிக்கும் அந்த முடிவு அவர்களை எங்கே தொடும் என்று முன்கூட்டி யோசித்துக்கொள்ளுங்கள். நான் முந்தின நாளே அந்தப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசிவிட்டேன்.

இதை ஒரே வகுப்பில், ஒரு முறைதான் செய்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பது ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு வழக்குகளாகப் பிரித்து நடத்தலாம் என்று தோன்றுகிறது, செய்து பார்த்ததில்லை. பதின்வயதுப் பிள்ளைகளிடம் எடுபடுமா என்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்து அதே மாதிரி எழுதாத் தேர்வு ஒன்று வைத்தேன். எத்தனை முத்து என்று கேட்டதற்கு, "யார் சொல்கிறபடி?" என்று திருப்பிக் கேட்டவர்கள் பாதிக்கு மேல். நாடகம் போட்ட வருடங்களில் இப்படி ஒரு பதில் ஒருவரிடமிருந்தும் வந்ததில்லை.

தீர்ப்பு ஆறுக்கு ஐந்து, ஹேடிஸ் குற்றவாளி. ஐந்து பேரில் மூவர் எழுதியிருந்த காரணம் ஒன்றே: சம்மதம் கொடுத்த ஜீயஸை விட்டுவிட்டு இவரை மட்டும் ஏன் கூண்டில் நிறுத்தினீர்கள்?

மறுநாள் காலை என் மேசையில் ஒரு மடித்த தாள் இருந்தது. அஸ்கலாஃபஸாக வந்த பெண் எழுதியது. பார்த்ததை உள்ளபடி சொன்ன சாட்சியை ஆந்தையாக்கியது அநியாயம், மேல்முறையீடு செய்கிறேன், வக்கீல் வேண்டும் என்று கேட்டிருந்தாள். பாட்டிலைக் கழுவி மறுபடியும் தண்ணீர் நிரப்பி வைத்தோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டோம்.