கேம்பிங்குக்கு 12 வோல்ட் ஃபிரிட்ஜ்: பெட்டி அருமை, பிளக் ஆகாது

12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் விலை இறங்கியிருக்கிறதே, குடும்பத்தோடு காரிலேயே வெளிநாட்டுக் கேம்பிங் போக வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். எத்தனை லிட்டர், எத்தனை கிலோ என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதில் போடாதது, கூடவே வரும் சிகரெட் லைட்டர் பிளக்கின் லட்சணம்.

குளிர்ச்சியில் குறையே சொல்ல முடியாது. கம்ப்ரஸர் இல்லாத மலிவான தெர்மோஎலக்ட்ரிக் கூல்பாக்ஸ் வெளி வெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் இறக்கும். 38 டிகிரி வெயிலில் பால் திரிந்துவிடும். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் அதே வெயிலிலும் 4 டிகிரியில் அசையாமல் நிற்கும். குழந்தைகளோடு போகும்போது இந்த நிம்மதிக்கு ஈடே இல்லை.

இனி பிளக். கம்ப்ரஸர் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். பிளக்கைச் செருகும் கார் சாக்கெட்டோ சிகரெட் பற்றவைக்கச் சில நொடி சூடேற்றுவதற்காக வந்தது. நடுவில் ஒரு ஸ்பிரிங் முனை, பக்கவாட்டில் தகடுகள், அவ்வளவுதான். வண்டி குலுங்கக் குலுங்க அந்த ஸ்பிரிங்கே பிளக்கை வெளியே தள்ளும். தொடர்பு தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும், சூடாகும், சூட்டில் ஸ்பிரிங் மேலும் தளரும். பிளக் நுனியில் இருக்கும் மூடியைத் திருகிப் பாருங்கள்: உள்ளே ஃபியூஸ் நன்றாகவே இருக்கும், அதன் உலோக முனை கறுத்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிக் கோணலாகியிருக்கும். கரண்ட் அளவு மீறவில்லை, அதனால் ஃபியூஸ் போகாது. சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது ஒயர். பேட்டரியிலிருந்து டிக்கி சாக்கெட் வரை 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயராக இருந்தால் 5 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். கார் பேட்டரி காலியாகாமலிருக்க, வோல்ட்டேஜ் இறங்கினால் ஃபிரிட்ஜ் தானே நின்றுவிடும் 'பேட்டரி பாதுகாப்பு' வசதி உண்டு. அதை 'ஹை'யில் வைத்தால் பல மாடல்கள் 11.8 வோல்ட்டை ஒட்டி நின்றுவிடும். ஃபிரிட்ஜுக்கு 11.8 தெரியும்போது பேட்டரியில் உண்மையில் 12.4 இருக்கும், அதாவது சார்ஜ் தாராளமாகவே இருக்கும். ஆனாலும் எரர் காட்டி நின்றுவிடும். எரர் தொல்லை தாங்காமல் பலர் 'லோ'வுக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் காலையில் இன்ஜின் கிளம்பாது. சில புதிய கார்களில், எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காக ஓடும்போதே பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைக் குறைத்துவிடும். அதில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே ஃபிரிட்ஜ் நின்றுபோகும். இவ்வளவு நல்ல கம்ப்ரஸரைச் செய்தவர்கள் இந்த பிளக்கைக் கொடுத்து அனுப்பியிருப்பதை மன்னிக்க மனம் வரவில்லை.

இதற்குத் தீர்வு தனி லைன் மட்டும்தான். பேட்டரியிலிருந்து 6 ஸ்கொயர் எம்.எம். இரட்டை ஒயர், பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், டிக்கியில் ஆண்டர்சன் கனெக்டர் (இறுக்கிப் பிடிக்கும் தடித்த பிளக்). இழப்பு 0.15 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும், குலுக்கலில் கழன்றும் வராது. உலோகத் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். ஒயரின் உறை உராய்ந்து ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

சாமான் அடுக்குவதில் ஃபிரிட்ஜுக்குத்தான் முதலில் இடம் ஒதுக்க வேண்டும். டிக்கி வாசலோரம், மூடி முழுதாகத் திறக்கும்படி, தரைக் கொக்கிகளில் பெல்ட் போட்டு இறுக்கி. காற்றுத் துளைப் பக்கம் ஐந்து செ.மீ. இடைவெளி வேண்டும், ஸ்லீப்பிங் பேக் சரிந்து அதை அடைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். முதல் நாள் இரவே வீட்டு கரண்டில் போட்டு, உறைந்த தண்ணீர் பாட்டில்களால் நிரப்பிக் குளிரவைத்துவிடுங்கள். படகில் காரை ஏற்றினால் பயண நேரத்தில் கீழ்த்தளத்துக்குப் பொதுவாக விடமாட்டார்கள். கரண்ட் இல்லாத அந்த நேரத்தை இந்தப் பாட்டில்கள்தான் சமாளிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து போகிறவர்கள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோக முடியாது, சிறு விலக்குகள் தவிர. 2021 முதல் பிரிட்டனிலிருந்து போகிறவர்களுக்கும் இதே விதி. எல்லை தாண்டும்வரை தண்ணீர் பாட்டில், தாண்டியபின் கடைக்குப் போய் நிரப்புவது என்று திட்டமிட்டால் சீஸைக் குப்பையில் போட வேண்டி வராது.

கேம்ப்சைட்டில் அங்குள்ள மின் இணைப்பில் செருகும் மூன்று முனை நீல சிஇஇ பிளக்கும் நீள கேபிளும் கையில் இருக்கட்டும். 6 ஆம்பியர் மட்டும் தரும் இடங்களில் மொத்தமே 1380 வாட்தான். ஃபிரிட்ஜுக்கு 60 வாட் ஒரு பொருட்டே இல்லை. 2000 வாட் கெட்டிலைப் போட்டால் டிரிப் ஆகும்.

ஆக, பெட்டிக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். ஆனால் நண்பருக்கு என் பதில்: தனி ஒயர் இழுக்கும் எண்ணம் இல்லையென்றால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம், நல்ல ஐஸ்பெட்டி போதும். முடிவெடுக்குமுன், யாரிடமாவது இப்படியொரு ஃபிரிட்ஜை இரவல் வாங்கி கம்ப்ரஸர் ஓடும்போது மல்டிமீட்டரால் பேட்டரி டெர்மினலிலும் ஃபிரிட்ஜ் முனையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால், ஃபிரிட்ஜ் விலையோடு ஒயர் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.