180 ரூபாய் சுங்குடி ஸ்கார்ஃப்: ஆறு மாதம் கட்டிப் பார்த்தேன்

மதுரையில் சுங்குடிச் சேலை வாங்கப் போன கடையில், கல்லாப்பெட்டி பக்கத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஸ்கார்ஃபாம். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. 180 ரூபாய். "22 இன்ச்சு சதுரம்க்கா" என்றார் கடைக்காரத் தம்பி. நம்பி வாங்கிவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய அசல் சுங்குடிதான். மதுரையில் இருக்கும் சௌராஷ்டிர சமூகத்து வீடுகளில் பெண்கள் நூலால் ஒவ்வொன்றாகக் கட்டும் முடிச்சு அது. 2005ல் புவிசார் குறியீடும் வாங்கிய சரக்கு. பிரிண்ட் அடித்ததில் புள்ளியெல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருக்கும். இதில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, முடிச்சு இருந்த இடம் லேசாகக் குமிழ்ந்து விரலில் தட்டுப்படுகிறது. துணியைத் திருப்பினாலும் நிறம் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து முக்கோணமாக மடித்தால் முனையோடு முனை சேரவில்லை. இன்ச் டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு பக்கம் 21, இன்னொரு பக்கம் 20. புடவைக்கு ஒரு இன்ச்சு கணக்கே இல்லை. ஸ்கார்ஃபுக்கு அதுதான் எல்லாம். மூலைக்கு மூலை சுமார் 29 இன்ச்சு வருகிறது. கழுத்தைச் சுற்றிக் கட்டலாம், தலையைச் சுற்றினால் முடிச்சுப் போட நுனி மிஞ்சுவதில்லை, அதுவும் எனக்கிருக்கும் முடிக்கு. ஓரத்தில் நூல் பிரியாமல் இருக்க வெறும் ஓவர்லாக் தையல். எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் 20 ரூபாய் கொடுத்து பீக்கோ அடித்தபிறகுதான் பார்க்கிற மாதிரி ஆனது.

கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, பக்கவாட்டில் முடிச்சுப் போட்டு ஆபீஸ் போனேன். படத்தில் அழகாக இருக்கும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டி ஓட்டிப் போய் இறங்கினால் கழுத்து நசநச என்று ஆகி, ஐடி கார்டு கயிறும் அதோடு சிக்கிக்கொள்ளும். அம்மா வேறு, "என்னடி, ஆட்டுக்குட்டிக்குக் கட்டுற மாதிரி" என்றாள். மார்கழியில் வேண்டுமானால் பார்க்கலாம்.

குதிரைவாலுக்கு இது பிரமாதம். ரப்பர் பேண்ட் போட்டு அதன்மேல் ஒரு சுற்று, ஒரே முடிச்சு. முன்பு ஒரு சாட்டின் ஸ்கார்ஃப் வைத்திருந்தேன், எண்ணெய் வைத்த தலையில் பஸ் ஸ்டாண்ட் போவதற்குள் வழுக்கி விழும். காட்டன் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என்ன, தேங்காய் எண்ணெய்க் கறை ஏறும். வாரம் ஒருமுறை சோப்புப் போட்டே ஆக வேண்டும்.

அப்படித் துவைக்கும்போது கவனம். முதல் தடவை வாளித் தண்ணீர் ரோஸ்மில்க் ஆகிவிட்டது. மூன்று முறை தனியாக அலசியும் வியர்வை பட்டால் லேசாகச் சாயம் விட்டது. வெள்ளைக் குர்தா காலரில் இன்னும் அந்த அடையாளம் இருக்கிறது. கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எனக்கு அதிகம் உழைத்தது ஹேண்ட்பேக் கைப்பிடியில்தான். ரெக்சின் உரிந்துபோன கைப்பிடி. ஒரு நுனியை முடிந்து, ஒன்றின்மேல் பாதி ஏறுகிற மாதிரி நெருக்கிச் சுற்றிக்கொண்டே போய், மறுநுனியை வளையத்தில் கட்டிவிட்டேன். கை வியர்வையை இழுத்துக்கொள்கிறது, தோளிலும் வழுக்குவதில்லை. தூக்கிப் போட இருந்த பை, நாலு மாதமாக ஓடுகிறது. ஆபீஸில் இரண்டு பேர் புதுப் பையா என்று கேட்டுவிட்டார்கள். ஒரு இன்ச்சுக் கோணல் இங்கே யாருக்கும் தெரியாது.

போன வாரம் பச்சையில் ஒன்று வாங்கப் போனேன். பத்துப் பன்னிரண்டைப் பிரித்து அளந்ததில் சரியான சதுரம் இரண்டுதான் தேறியது. அதே தம்பிதான். "ஏங்க்கா, ஸ்கார்ஃப் வாங்க இன்ச் டேப்போடயா வந்தீங்க?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன்.