ஹேண்ட் டிடெக்டர் சுவிட்சுக்கு ரப்பர் பூட், தாராளமா வாங்கலாம்

கல்யாண மண்டபத்துல செக்யூரிட்டி சூப்பர்வைசரா இருக்கேன், கேட்ல நாலு ஹேண்ட் மெட்டல் டிடெக்டர் ஓடுது, எல்லாம் 9 வோல்ட் பேட்டரி மாடல், ஆனா எப்பவும் மக்கர் பண்றது அந்த சின்ன டாகிள் சுவிட்ச்தான் (மேல கீழ தட்டுற குச்சி சுவிட்ச்). கை வேர்வையும் ரோட்டு தூசியும் உள்ள போயி கான்டாக்ட்ல படிஞ்சுடும், அப்புறம் ஒரு தடவை ஆன் ஆகும் ஒரு தடவை ஆகாது, கூட்ட நேரத்துல பசங்க பாவம் தட்டித் தட்டி பாப்பாங்க.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இந்த சிலிகோன் ரப்பர் பூட், அதாவது சுவிட்ச் மேல தொப்பி மாதிரி மாட்டுற உறை, கிடைச்சுது. அடியிலயே நட்டு சேர்ந்து வருது, பழைய நட்டை கழட்டிட்டு இதை திருகினா போதும். நட்டு மாட்டுற மரையோட அளவு சின்ன சுவிட்சுக்கு 6 மி.மீ., பெருசுக்கு 12 மி.மீ., அளந்துட்டு போங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி பேட்டரிய கழட்டிட்டு கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு நல்லா காய விடுங்க, அழுக்கோட மூடினா பிரயோஜனமே இல்ல. தேங்கா எண்ணெய் மட்டும் விட்றாதீங்க, தூசி இன்னும் நல்லா ஒட்டிக்கும்!

ஆறு மாசம் ஆச்சு, மழையிலயும் நின்னோம், மூணு சூப்பரா இருக்கு, ஒண்ணு மட்டும் கழுத்துகிட்ட கிழிஞ்சது மாத்திட்டேன். பூட் போட்டா சுவிட்ச் தட்ட கொஞ்சம் டைட்டா இருக்கும், விரல் பழகிடும். ஸ்லைடு சுவிட்ச் மாடலுக்கு இது செட் ஆகாது, அதுக்கு ரெக்ஸின் உறை தைச்சு போட்டுக்கோங்க.