அடாப்டர் மாட்டுகிறேன் என்று வீல் ஸ்டட்டையே வெட்டிவிட்டார்கள்

குமரி மாவட்டத்தில் செகண்ட் ஹேண்ட் அலாய் வீல் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வேறு மாடல் காரின் வீலை அடாப்டர் வைத்து மாட்டித் தருவதாக மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் சொன்னார்கள். மாட்டியும் கொடுத்தார்கள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காரின் வீல் ஸ்டட்டுகளை, அதாவது வீலை மாட்டி நட் போடும் மரையுள்ள கம்பிகளை, கிரைண்டரால் வெட்டியிருக்கிறார்கள்.

என்னுடையது ஸ்விஃப்ட். நாலு ஸ்டட், பிசிடி 100. அதாவது ஸ்டட்டுகளின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் போட்டால் விட்டம் 100 மில்லிமீட்டர். கடையில் இருந்தது கிரெட்டாவிலிருந்து கழற்றிய 16 இன்ச் அலாய். அதற்கு அஞ்சு ஓட்டை, பிசிடி 114.3. நேரடியாக ஏறவே ஏறாது. அதற்குத்தான் அடாப்டர். காரின் நாலு ஸ்டட்டில் கனமான அலுமினியத் தட்டு ஒன்றை நட் போட்டு முடுக்கி, அந்தத் தட்டிலேயே பதித்திருக்கும் அஞ்சு ஸ்டட்டில் வீலை மாட்டுவார்கள். ஸ்பேசர் என்பது வேறு. அதில் தனி ஸ்டட் கிடையாது, வீலை வெளியே தள்ளுவதோடு சரி.

"பிடிக்கலைன்னா பழைய வீலையே திருப்பி மாட்டலாம்லா?" என்று அப்போதே கேட்டேன். "அதுக்கென்ன சாரே, எப்ப வேணும்னாலும் மாட்டலாம். ஒண்ணும் செய்யாது" என்றார் கடைக்காரர். அந்தப் பதிலை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

ஊருக்குள் ஓட்டும்போது எதுவும் தெரியவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டி நாலுவழிச் சாலையில் 80ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. தக்கலை, களியக்காவிளை ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுத்தது. அடாப்டர் 20 மில்லி கனம் என்றால் ஒவ்வொரு வீலும் 20 மில்லி வெளியே போகிறது. பேரிங்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் அது கூடுதல் பாரம். கடைக்குப் போன் பண்ணினால், "அது முப்பந்தல் காத்து சாரே, எல்லா வண்டியும் அங்க ஆடும்" என்றார்கள். காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும், சரி. ஸ்டீயரிங்கை நடுங்க வைக்குமா?

நாகர்கோவிலில் அலைன்மெண்ட் பார்க்கும் ஒரு அண்ணனிடம் காட்டினேன். பேலன்ஸிங் மெஷினில் நாலு வீலும் சுத்தமாக இருந்தது. "அப்போ வீல்ல இல்ல, அது உக்காந்திருக்கிற இடத்துலதான் கோளாறு" என்று சொல்லிக் கழற்றினார். வீல் உட்காரும் பாகம்தான் ஹப். ஸ்விஃப்ட் ஹப்பின் நடுமேடு 54.1 மில்லி. அடாப்டரின் நடு ஓட்டை அதில் கச்சிதமாக உட்கார வேண்டும். கிரெட்டா வீலின் நடு ஓட்டை 67.1, அதற்கு அடாப்டரின் வெளிப்பக்கத்தில் அதே அளவில் ஒரு மேடு வேண்டும். எங்களுக்குக் கொடுத்த தட்டில் மேடே இல்லை. உள் ஓட்டையிலோ சுற்றிலும் விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. வீலை மையத்தில் நிறுத்த எதுவுமே இல்லை, நட்டுகள்தான் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒரு நட் கையாலேயே சுற்றியது.

தட்டையும் எடுத்த பிறகுதான் ஸ்டட்டைப் பார்த்தோம். நுனியில் இருக்க வேண்டிய சரிவு இல்லை. தட்டையாக அறுத்து, கிரைண்டர் சூட்டில் நீலம் பாய்ந்து, ஓரத்தில் பிசிறு நின்றது. நாலு வீலிலும் இதே கதி. 20 மில்லி தட்டுக்கு வெளியே ஸ்டட் நீட்டிக்கொண்டு நிற்கும், வீலின் பின்பக்கத்தில் முட்டும். அப்படியானால் கனம் கூடிய அடாப்டர் போட வேண்டும், அல்லது பின்பக்கம் குழி உள்ள வீலாகப் பார்க்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் இந்த வண்டிக்கு இது சேராது என்று சொல்லிவிட வேண்டும். இவர்கள் வெட்டிவிட்டார்கள்.

பழைய வீலை வைத்து நட் போட்டுப் பார்த்தார் அந்த அண்ணன். ஆறு சுற்றிலேயே இறுகி நின்றுவிட்டது. 12 மில்லி ஸ்டட்டில் நட் குறைந்தது 12 மில்லி ஆழம் பிடிக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஸ்விஃப்ட்டின் மரை 1.25 பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு நட் 1.25 மில்லி நகரும். அதற்கு இது ஒன்பது, பத்துச் சுற்று. "இந்த நிலையில வண்டியை எடுத்துட்டுப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டார். எல்லா ஸ்டட்டையும் தட்டி எடுத்துப் புதிது ஏற்றிய பிறகுதான் வண்டி வெளியே வந்தது. என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதே வண்டியில் திருநெல்வேலி வரை போயிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கடையில் கேட்டதற்கு, "நாங்க வெட்டலை, முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கும்" என்கிறார்கள். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. அதையும், வெட்டிய ஸ்டட்டுகளையும், படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணிலும் பதியலாம்.

இன்னொன்று, நம்மில் பலர் திருவனந்தபுரத்துக்கு அடிக்கடி போகிறவர்கள். வழியில் சோதனையில் இது மாட்டினால் சிக்கல்தான். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைத்தான் முதலில் பிடிக்கும்.

ஏற்கெனவே இப்படி மாட்டியிருப்பவர்கள் இந்த வாரமே ஒரு வீலையும் அதன் அடாப்டரையும் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்டட் நுனி தட்டையாக இருந்தால் படம் எடுத்துக்கொண்டு, வண்டியை ஓட்டாமல் அங்கேயே மாற்றுங்கள். அதே கடைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம்.